நூற்றறுபது வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு

என் அக்காள் பெருமாயியின் கணவர் சென்றாயன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில் எந்த வீட்டில் பல்பு எரிந்தாலும் அந்த ஒயரில் அவர் கை பட்டிருக்கும். ஆனால் அவரை வயர்மேன் என்று சொல்ல ஒரு தாள் கிடையாது. மலைக்கு மின்சாரம் வந்த காலத்தில் கூலிக்குக் கம்பம் தூக்கப் போனவர், கம்பம் நட்டவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிப்பார், அர்த்தம் தெரியாது.

பழைய ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து கழற்றிய வோல்ட்மீட்டர் அவரிடம் இருந்தது. தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கும். அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எவ்வளவு வோல்டேஜ் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். கீழே இருநூற்று முப்பது வரும். சோளக்காட்டில் பொழுதோட, சாயங்காலம் ஆறரைக்கு, நூற்றெழுபது. எடப்புளி நாட்டுக்குள் போனால் நூற்றைம்பது. கடைசிக் கம்பத்தடியில் இருக்கும் எங்கள் ஊரில் நூற்றுநாற்பது இருந்தால் அன்றைக்கு நல்ல நாள். கொஞ்ச நாளில் மீட்டரே தேவையில்லாமல் போனது. பல்புக்குள் இருக்கும் கம்பி என்ன சிவப்பில் இருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுவார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். வயர்மேன் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில், லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு கான்ட்ராக்டர் 'இவர் என்னிடம் இத்தனை வருடம் வேலை செய்தார்' என்று கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில்தான் எல்லா வருடமும் நின்றுபோகும். மலையில் லைசென்ஸ்காரர் யாரும் இல்லை. புது இணைப்பு எது வாங்கினாலும் மச்சான் சென்றாயன் வேலையை முடித்துவிட்டு, தாளைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்துக்கு இறங்கிப்போய், எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தனபாலிடம் கையெழுத்து வாங்கி வருவார். தனபால் வேலை நடந்த வீட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். மச்சானின் கையை அவர் நம்பினார். ஆனால் அந்த ஒரு கையெழுத்தைக் கேட்டால் மட்டும், "பார்க்கலாம்ப்பா, என்ன அவசரம்" என்பார். அதைப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு எதற்கு இந்த ஆள் இறங்கி வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியாதா?

தொண்ணூற்றொன்பதாம் வருடம் அது மாறுவதுபோல இருந்தது. தனபாலின் அக்காள் கணவர் அர்த்தனாரி, கீழே சவ்வரிசி ஆலை வைத்திருப்பவர். சோளக்காட்டுக்கு மேலே மிளகுத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பங்களா கட்டினார். வயரிங் கான்ட்ராக்ட் மச்சினன் தனபாலுக்கு. வேலை சென்றாயனுக்கு. ஏழு மாத வேலையில் தனபால் மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை, கைகழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சென்றாயா, பால் காய்ச்சற அன்னைக்கு எங்க மச்சான் மொகம் கோணாம இருக்கோணும். இருந்துச்சுன்னா உன்ற விண்ணப்பப் பாரத்தை அங்கயே கொண்டா. அடுப்புப் பக்கத்துல வெச்சே போட்டுத் தாரேன்."

அன்று மச்சான் வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். நான் அந்த வருடம்தான் ராசிபுரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன். எங்கள் ஊரில் அதற்கு முன் பட்டம் என்று எதையும் யாரும் வாங்கியதில்லை. அதனால் ஊசி மருந்துச் சீட்டிலிருந்து உர மூட்டை வரைக்கும் இங்கிலீஷில் எதுவாக இருந்தாலும் என் முன்னால் வந்து நிற்கும். எல்லாம் தெரிந்ததுபோலவே வாசிப்பேன். பாதிதான் தெரியும்.

"மாப்பிளை, பாரத்தை நீயே எழுதிரு. அடிச்சுத் திருத்தாம, அழகா எழுதோணும்."

எழுதினேன். கையெழுத்து இடத்தைத் தவிர எல்லாம் நிரம்பியது. அக்காள் அதை நெகிழித்தாளில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் டிம்மர்.

அர்த்தனாரியின் மகன் கோகுல்நாத் பெங்களூரில் படித்தவர். அங்கே ஏதோ ஓட்டலில், ஒரு திருகைத் திருகினால் விளக்கு மெல்ல மெல்ல மங்குவதைப் பார்த்திருக்கிறார். பங்களாவிலும் அப்படி இருக்க வேண்டும் என்றார். தனபால் சேலத்துக் கடை ஒன்றில் சொல்லிவைத்து ஐந்து பெட்டி வாங்கிக்கொடுத்தார். நான்கு படுக்கையறைக்கு நான்கு. ஹாலுக்கு ஒன்று. ஹாலில் ஆறு பல்பு போடும் தொங்குவிளக்கு. கண்ணாடிச் சரம் சரமாக இருக்கும்.

மச்சான் அதுவரை டிம்மரைக் கையில் தொட்டதில்லை. மலைக்குளிரில் ஃபேன் மாட்டுகிறவர் யாரும் இல்லாததால், கீழே எல்லா வீட்டிலும் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டரைக்கூட அவர் இரண்டோ மூன்றோ தடவைதான் மாட்டியிருக்கிறார். அதனால் ஒரு பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தார். எங்கள் ஊர்க் குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு. அடுப்புக்கும் படுக்கைக்கும் சேர்த்து நடுவில் ஒரே ஒரு பல்பு தொங்கும். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிம்மரை இணைத்தார். சுவிட்சுக்கு வரும் அதே ஒயர்தான், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. திருகைத் திருப்பினார். டக் என்றது. பிறகு லேசாக ஒரு முனகல். பல்பு சிவந்தது, இன்னும் சிவந்தது, திருகு கடைசிவரைக்கும் போய் நின்றது. பல்பும் வழக்கமாக எரிகிற அளவுக்கு வந்து நின்றது. அந்த அளவே அதிகமில்லை.

அக்காள் களி கிண்டும் துடுப்போடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இது என்ன பண்ணும்?"

"வெளிச்சத்தைக் கொறைக்கும்."

"இருக்கறதைக் கொறைக்கறதுக்கு ஒரு பொட்டியா? எங்கிட்டச் சொல்லியிருந்தா மொறத்தை எடுத்து மறைச்சுட்டு நின்னிருப்பனே. கூலியும் வேண்டாம், சோறு போட்டாப் போதும்."

மகள் சுகுணாவுக்கு அப்போது ஒன்பது வயது. "ஏம்ப்பா, கூட்டற பொட்டி விக்கறதில்லையா?"

"விப்பாங்க கண்ணு. அதைக் கரண்டு பொறப்படற எடத்துல வெச்சிருப்பாங்க. நம்ம கைக்கு வராது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பங்களா ஹாலில் டிம்மருக்கென்று ஒரு பலகை செய்திருந்தார்கள். வீடு கட்ட வெட்டிய பலாமரத்தின் ஒரே துண்டில் இழைத்தது. மஞ்சள் தேன்போல இருக்கும். அர்த்தனாரி வருகிறவர்களிடமெல்லாம் வீட்டைக் காட்டுவதற்கு முன் அந்தப் பலகையைக் காட்டுவார். பலகைக்குள் குடைந்து டிம்மரைப் பதித்து, மேலே பித்தளை மூடி வைத்து, அதற்கு மேலே திருகு. மச்சான் இரண்டு நாள் உட்கார்ந்து குடைந்தார். சுவரில் பதித்த குழாய் வழியாக ஒயரை இழுத்து, முனையைச் சீவி, முறுக்கி, திருகாணி இறுக்கி, டேப் சுற்றி. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வேலை இல்லாதவனுக்கு அதைவிட வேறு என்ன வேலை?

முதலில் அறுபது வாட் பல்புகள்தான் போட்டார். அன்று பொழுதோட அர்த்தனாரி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா இது, எழவு ஊட்டுல வெச்ச மாதிரி எரியுது? இத்தனை பெரிய வெளக்கு, இதைக் கொறைக்க வேற பண்ணோணுமா?"

"வோல்டேஜ் அப்படிங்க மொதலாளி. பெரிய பல்பு போட்டுருவமுங்க."

மலையில் இது எல்லோரும் செய்வதுதான். கீழே அறுபது வாட் போடுகிற இடத்தில் இங்கே நூறு போடுவோம், நாற்பது போடுகிற இடத்தில் அறுபது போடுவோம். அப்படிப் போட்டாலும் அறுபதின் வெளிச்சமோ நாற்பதின் வெளிச்சமோதான் கிடைக்கும். பல்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மலையில் யாரும் நம்புவதில்லை.

மறுநாள் நூறு வாட் பல்பு ஆறு வந்தது. மாட்டுவதற்கு முன்னால் மச்சான் டிம்மர் பெட்டிக்குள் இருந்த தாளை என்னிடம் நீட்டினார். முழுக்க இங்கிலீஷ்.

"இதுல தாங்கற அளவு போட்டிருப்பான். பாரு மாப்பிளை."

பார்த்தேன். நானூறு வாட்டுக்கு மேல் போடக்கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. சொன்னேன்.

அவர் பல்புகளைப் பார்த்தார். "ஆறு நூறு, அறுநூறு."

"ஆமா மச்சான்."

"ஆனா இங்க நூறு வாட்டு நூறாவா எரியுது?"

அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கல்லூரியில் மூன்று வருடம் எழுதிய சூத்திரத்தை மலையில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. தாளைத் திருப்பி, பின்பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தில் கணக்குப் போட்டேன். வோல்டேஜ் பாதிக்குப் பாதி குறைந்தால் பல்பு இழுக்கும் சக்தி கால்வாசியாகக் குறையும். அவருடைய மீட்டர் பொழுதோட நூற்றறுபது காட்டியது. நூற்றறுபதில் ஒரு நூறு வாட் பல்பு நாற்பத்தெட்டு வாட்தான் இழுக்கும். ஆறுக்கும் சேர்த்து இருநூற்றுத் தொண்ணூறுக்குள். நானூறுக்கு எவ்வளவோ கீழே.

"தாராளமாத் தாங்கும் மச்சான்."

"படிச்ச மாப்பிளை வெச்சிருக்கறது இதுக்குத்தான்" என்று சொல்லி ஏணியில் ஏறினார். ஆறு பல்பும் எரிந்தன. மூன்று நாள் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் எரியவிட்டு, பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடு. அவ்வளவுதான். அந்தக் கணக்கை இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. காலையில் கணபதி ஹோமம், பசுமாடு, எல்லாம் முடிந்தது. விருந்து மாலையில். கையெழுத்தையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தார் தனபால். ஆலைக்காரர்கள், லாரிக்காரர்கள், சேலத்திலிருந்து சொந்தக்காரர்கள் என்று நாற்பது கார் மலையேறி வந்தது. மச்சான் வெளுத்த வேட்டி சட்டையில் இருந்தார். பாரம், நெகிழித்தாளோடு, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி இருந்தது. நானும் என் பயோடேட்டாவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கோகுல்நாத் நாமக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் திறக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஒரு லாரி முனகிக்கொண்டே வாசலுக்கு வந்தது. அதன்மேல் ஒரு ஜெனரேட்டர். மைக் செட்டும் கிரைண்டரும் மலைக் கரண்டில் ஓடாது என்று கோகுல்நாத் ஏற்பாடு செய்திருக்கிறார். எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லாரிக்காரரோடு சேர்ந்து மெயின் ஒயரைக் கழற்றி ஜெனரேட்டரில் இணைத்தது மச்சான்தான். இணைத்துவிட்டுத் தன் மீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார்.

நான் அப்போது மாமரத்தடியில் கோகுல்நாத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அதாவது அவர் பேசினார், நான் தலையாட்டினேன். மச்சான் வேகமாக வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"மாப்பிளை, இருநூத்தி நாப்பது காட்டுது. முள்ளு அந்தப் பக்கம் போயி நான் பாத்ததே இல்லை. ஹால்ல ஆறு பல்பு இருக்குது, அது ஏதாச்சும்..."

கோகுல்நாத் பேச்சை நிறுத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் போய்விடுவாரோ என்று எனக்கு இருந்தது.

"ஒண்ணும் ஆகாது மச்சான். கரண்டு எல்லாம் ஒண்ணுதான்."

மச்சான், படித்தவன் சொல்கிறான் என்று போய்விட்டார்.

மறுபடி கணக்குப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இருநூற்று நாற்பதுக்கு அறுநூற்று ஐம்பது வாட். மனக்கணக்கே போதும். ஏன் போடவில்லை? கோகுல்நாத் பக்கத்தில் இருந்தார் என்பது ஒரு காரணம். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. மலையில் பிறந்தவனுக்கு, இங்கே வருவது எப்போதும் குறைவாகத்தான் வரும். அதிகமாக வந்து ஒன்று கெட்டுப்போகும் என்பது என் புத்திக்குள் இல்லை. புத்தகத்தில் படித்திருந்தும் இல்லை.

ஏழு மணிக்கு அர்த்தனாரி எல்லோரையும் ஹாலுக்குள் அழைத்தார். பலாப் பலகையின் முன்னால் நின்று திருகைத் திருப்பினார். தொங்குவிளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து வெள்ளையாகிப் பொங்கியது. கண்ணாடிச் சரங்களின் நிழல் நான்கு சுவரிலும் விழுந்தது. பெண்கள் 'அடேயப்பா' என்றார்கள். குழந்தைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தடவை திருகினார்கள்.

மச்சான் சமையலறைக் கதவோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக விளக்கு மாட்டுகிறவர். தான் மாட்டிய விளக்கு முழுசாக எரிந்து அவர் பார்த்தது அன்றுதான். அவருக்கு அந்த நேரத்தில் பாரம்கூட ஞாபகம் இருந்திருக்காது.

முக்கால் மணி நேரம் எரிந்தது. பந்தியில் இரண்டாவது வரிசை உட்கார்ந்தபோது ஒரு நாற்றம் வந்தது, மீன் கருகினதுபோல. பித்தளை மூடிக்கு மேலே மெல்லிய புகை. மச்சான் இலைகளைத் தாண்டிக் குதித்து ஓடினார். மூடியைக் கையால் பிடித்துப் பெயர்த்து, பொறி பறக்கும்போதே ஒயரை இழுத்துவிட்டு, வெளியே ஓடி மெயினை அணைத்தார். வீடு முழுக்க இருட்டு. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

இருட்டில் அர்த்தனாரியின் மனைவி கத்தினார். "குடிபோன அன்னைக்கே வெளக்கு அணைஞ்சிருச்சே! அய்யோ சாமி, வெளக்கு அணைஞ்சிருச்சே!"

டார்ச் லைட்டில் பலகையைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கரி. அர்த்தனாரி மைத்துனரை மட்டும் பார்த்தார். தனபால் அந்தப் பார்வையை அப்படியே மச்சானிடம் திருப்பினார்.

"என்னடா பண்ணி வெச்சிருக்கற?"

நான் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கணக்கு நான் போட்டது. 'ஒண்ணும் ஆகாது' என்றது நான். என் தோளை ஒட்டிக் கோகுல்நாத் நின்றார். பயோடேட்டா பையில் இருந்தது. வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேனா, அல்லது நினைக்கவே இல்லையா, எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மச்சான் வெந்த விரல்களை வேட்டியில் சுற்றிக்கொண்டே சொன்னார். "தப்பு என்னுதுங்க. டிம்மர் பீசு மட்டமா இருந்திருக்குமாட்ட இருக்குதுங்க. சோதிச்சுப் பாக்காம மாட்டிட்டனுங்க."

தனபாலுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. அவர் லைசென்ஸில் நடந்த வேலை. பெட்டி மட்டம் என்றால் குற்றம் சேலத்துக் கடைக்குப் போகும். "பீசு மட்டம் மச்சான். நாளைக்கே அந்தக் கடைக்காரனைப் பாத்துக்கறேன்" என்று அர்த்தனாரியிடம் சொன்னார். மச்சானிடம், "இனி என்ற கண்ணுல படாதே" என்றார்.

தோட்டத்துக்குள் இறங்கி வரும்போது பாதி வழியில் மச்சான் சட்டைக்குள்ளிருந்து நெகிழித்தாளை எடுத்தார். வியர்வையில் நனைந்திருந்தது.

"உள்ள காஞ்சுதான் இருக்குது. நீ நல்லாச் சுத்தியிருக்கற" என்றார். அதைச் சுற்றியது அக்காள். நான் அதையும் சொல்லவில்லை.

மீதி நான்கு டிம்மர்களையும் கழற்றச் சொன்னார் அர்த்தனாரி. கழற்றியதை எடுத்துப் போகவும் சொன்னார். மூன்றை மச்சான் சோளக்காட்டில் யாருக்கோ கொடுத்தார். ஒன்றை வீட்டில் சுவிட்ச் இருந்த இடத்திலேயே மாட்டிவைத்தார்.

கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. கோகுல்நாத் அதைத் திறக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

மூன்று வருடம் போனது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். மச்சான் மிளகு பறிக்கவும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றவும் போனார். கெட்டுப்போன சுவிட்ச், அறுந்த ஒயர் என்று கூப்பிட்டால் போவார். தனபாலின் கையெழுத்து இல்லாததால் புது இணைப்பு வேலை எல்லாம் கீழேயிருந்து வரும் ஆட்களுக்குப் போய்விட்டது. ஒரு நாள், அவர் பத்து வருடத்துக்கு முன் வயரிங் செய்த வீட்டில் அவர்கள் ஒயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். 'ஏணி பிடிக்கறயா' என்று ஒருவன் கேட்டதாகவும், இவர் பிடித்ததாகவும் அக்காள் சொன்னாள்.

அதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கணக்குப் போட்டது நான், அவர்மேல் குற்றமில்லை, தெரிந்தால் தனபால் மனது இறங்கும் என்று தோன்றியது. மச்சானிடம் கேட்கவில்லை. காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். எழுபது வளைவிலும் பேச வேண்டியதைப் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

தனபால் கடையில் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும், "ஓ, சென்றாயன் மச்சினனா? உக்காரு தம்பி" என்றார். டீ சொன்னார். அந்த உபசாரம் எனக்குத் தைரியம் கொடுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, தாள், சூத்திரம், ஜெனரேட்டர்.

முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்.

"நானூறுன்னு எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிச்சமுங்க."

"படிச்சுட்டு அறுநூறு போட்டீங்க."

"மலை வோல்டேஜுக்கு அது..."

"அவனும் தெரிஞ்சுதான் போட்டானா?"

"நான் கணக்குப் போட்டுக் காட்டினதாலதானுங்க..."

"தெரிஞ்சுதான போட்டான்?"

"ஆமாங்க."

தனபால் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"பீசு மட்டம்னு அந்தச் சேலத்துக்காரன் சட்டையைப் புடிச்சேன் தம்பி நானு. பதினஞ்சு வருசப் பழக்கம், அன்னையோட போச்சு. எங்க மச்சான்கிட்ட இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்லிட்டிருக்கறேன். தெரியாமச் செஞ்சவனுக்குக் கையெழுத்துப் போடலாம். எல்லாம் தெரியாமச் செஞ்சு கத்துக்கறதுதான். எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு, அது நமக்கு இல்லைன்னு நெனைக்கறவனுக்கு எப்படிப் போடறது? நாளைக்கு ஒரு ஊடு எரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். புதுப் பாரம், அந்த வருடத்துடையது. மூலையில் மச்சானின் போட்டோ குண்டூசியில் குத்தியிருந்தது.

"வருசா வருசம் பலாப்பழத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பான். பேசமாட்டான். வெச்சுட்டுப் போயிருவான். இந்த வருசம்தான் எனக்கே ஒரு மாதிரி ஆயி, பாரத்தைக் குடுத்துட்டுப் போடான்னு வாங்கி வெச்சேன். இந்த வெள்ளிக்கெழமை வரச் சொல்லியிருந்தேன்."

அன்று புதன்கிழமை.

குண்டூசியைப் பிடுங்கினார். போட்டோவை என் கையில் கொடுத்தார். பாரத்தை இரண்டாக மடித்துப் பழைய பில் கட்டோடு போட்டார். "இதை அவன்கிட்டக் குடுத்துரு. டீ ஆறுது, குடி" என்றார்.

நான் அழுதேனா, கெஞ்சினேனா என்று கேட்டால், இரண்டும் செய்தேன். அவர் வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் சொன்னதில் தவறு எது என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியபோது மச்சான் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றைக் கால் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கினார். போட்டோவைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

"போயிச் சொன்னயா?"

"சொன்னேன் மச்சான்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"எதுக்கு மாப்பிளை?"

"என் மனசு கேக்கலை மச்சான்."

"உன்ற மனசா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு சாமானின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்போலச் சொன்னார். வெள்ளிக்கிழமையைப் பற்றி வீட்டில்கூட அவர் வாய் திறந்திருக்கவில்லை. நடக்கிறதுக்கு முன்னால் சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று நினைக்கிறவர். சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். போட்டோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார். கூடை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை.

தை பிறந்ததும் திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒன்றில் ஏறிக்கொண்டார். வடக்கே ஏதோ ஊர்களில் துளை போடுகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் அந்த வேலைக்கு யாரும் புதிதாகப் போவதில்லை. கிளம்புகிற அன்று வோல்ட்மீட்டரை என்னிடம் கொடுத்தார்.

"அந்தக் கணக்கு எங்க தப்பாச்சுன்னு இன்னும் எனக்குப் புரியலை மாப்பிளை."

"தப்பு இல்லை மச்சான். நம்மூர்க் கரண்டுக்கு அது சரியான கணக்கு."

"அப்பச் சரி" என்று தலையாட்டினார். பஸ் வந்தது.

அவர் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். ஒரு காதில் கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது. தேர்வு பற்றிப் பேச்செடுப்பதில்லை. சுகுணா அந்தப் போட்டோவைச் சோற்றுப்பசை வைத்து டிம்மருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் அந்தத் திருகைப் பார்க்கிறேன். கடைசிவரை திருப்பியேதான் இருக்கிறது. அக்காள் அதை யாரையும் தொடவிடுவதில்லை. பல்பு நூற்றுநாற்பதின் சிவப்பில் எரிகிறது. போட்டோவில் இருப்பது யார் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற வெளிச்சம் அது.